கடலைத் தொடாத புயல்

நம் நிலையம் வெளியிடுகிற ஒவ்வொரு காந்தப் புயல் அறிவிப்பும் ஒரே வரியில்தான் தொடங்குகிறது: “இந்தப் புயல் கடலைத் தொடாது.” சென்ற வாரம் பணியில் சேர்ந்த உங்களில் ஒருவர் அறிவிப்பின் வரைவைப் படித்துவிட்டு, “அக்கா, காந்தத்தைப் பத்தின அறிவிப்புல கடல் எதுக்கு வருது? இந்த வரியை எடுத்துட்டா என்ன?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. அறிவியல் கண்ணோடு பார்த்தால் அது வேண்டாத வரிதான். அன்று நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். நின்ற இடத்தில் விளக்கம் சொல்கிற திறமை எனக்குக் குறைவு. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஓர் ஊரின் முன்னால் நின்று அப்படிச் சொல்ல நேர்ந்தது. அந்த ஒரு முறையைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பணி அனுபவங்களை எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தலை நரைத்தவர்கள். எனக்கு அந்தத் தகுதி இன்னும் வரவில்லை. ஆய்வேட்டை முடிப்பதற்காக இந்த மாத இறுதியில் விலகுகிறேன். நாற்காலி உங்களுக்கு வருகிறது. நாற்காலியோடு இந்த வரியும் வருவதால், அதன் வரலாற்றைச் சொல்லாமல் போவது சரியல்ல என்று தோன்றியது.

நான் இங்கே வந்தபோது முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். சுசீந்திரத்துக்கு அருகே வயல்களுக்கு நடுவில் இப்படி ஒரு நிலையம் இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. பார்வையாளர் கூடத்துக்குத் தமிழில் பலகைகள் எழுத ஆள் தேவை, அரைநாள் வேலை என்றார்கள். முதல் நாள் கருவி அறைக்குப் போகும் முன் ஊக்கு, தலையில் செருகியிருந்த ஸ்லைடு, குடை எல்லாவற்றையும் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடையில் போடச் சொன்னார்கள். உள்ளே இருக்கும் கருவி பூமியின் காந்தத்தை அளக்கிறது. பக்கத்தில் கொஞ்சம் இரும்பு வந்தாலும் அதற்குக் கணக்குத் தவறிவிடும். அவிழ்ந்த கூந்தலோடு அந்த அறையில் நின்று, திரையில் நகரும் ஒற்றைக் கோட்டைப் பார்த்தேன். பூமியின் காந்தம் அந்தக் கணத்தில் எவ்வளவு என்பதை அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லுக்கு அருகில் எந்த இரும்பைக் கொண்டுவருகிறோம் என்று பார்ப்பதுதான் என் வேலையும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதை முதலில் உணர்த்தியது நான் எழுதிய முதல் பலகை. “சூரியக் காற்றின் ஆற்றல்” என்று பெரிய எழுத்தில் தலைப்பு. சூரியனிலிருந்து இடைவிடாமல் வெளியேறும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்துக்குச் சூரியக் காற்று என்று பெயர். அதன் ஆற்றல் பூமியின் காந்த மண்டலத்துக்குள் எப்படி நுழைகிறது என்பதுதான் பலகையின் பொருள். மாட்டிய மறுநாளே பக்கத்து வயல்காரர் ஒருவர் வந்து, மண்வெட்டியைக் கதவில் சாத்திவிட்டு, பலகையை ஊன்றிப் படித்தார்.

“ஏ பிள்ளே, இதுக்கு மானியம் உண்டுமா?”

“எதுக்கு ஐயா?”

“இந்த சூரியக் காத்து மிசினுக்கு. ஆரல்வாய்மொழியில காத்தாடி நட்டிருக்கானுவல்லா, அதுல சூரியனையும் சேத்துட்டானுவளாக்கும்? மோட்டாருக்கு கரண்டு வருமான்னு சொல்லு. ஒண்ணு நட்டுருவோம்.”

நான் அவருக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப கரண்டு வராது” என்று மட்டும் சொல்லி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகும் மூன்று நான்கு பேர் அதே கேள்வியோடு வந்தார்கள். சவுக்கு மரங்களைவிட அடர்த்தியாகக் காற்றாலைகள் நிற்கிற ஒரு மாவட்டத்தில் சூரியன், காற்று, ஆற்றல் என்ற மூன்று சொற்களை அடுத்தடுத்து எழுதினால் வேறு என்ன நடக்கும்? நம் நிலையத்தின் பொறுப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். இரணியலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். கருவிகளைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பொறுமை இல்லாதவர். என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “தமிழம்மா, மானியம் எப்ப குடுக்கப் போற?” என்று பல நாள் கேலி செய்தார்.

அது சிரித்து முடிந்துபோன தவறு. அடுத்ததில் சிரிப்பு இல்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த மாதம் அது. உங்களில் பலர் அப்போது பள்ளியில் இருந்திருப்பீர்கள், இருந்தாலும் நினைவிருக்கும். மணவாளக்குறிச்சியிலிருந்து குளச்சல் வரை, இந்தப் பக்கம் மணக்குடி வரை, எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் கூடவே எத்தனை பேர் என்று கேட்கிற காலம். கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் மக்கள் தங்கியிருந்தார்கள். அந்த மாதத்தின் நடுவில் ஒரு பகலில் கருவி அறையின் கோடு திடீரென்று எகிறியது. பொறுப்பாளர் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினார்.

சூரியக் காற்று எப்போதும் வீசிக்கொண்டிருப்பதுதான். சூரியனில் ஒரு வெடிப்பு நிகழ்ந்தால் அது பன்மடங்கு வேகத்தோடு வந்து பூமியின் காந்த மண்டலத்தை மோதி அமுக்கும். கோடு எகிறியது அந்த அமுக்கலால். ஆனால் மோதுவது வேறு, உள்ளே நுழைவது வேறு. நுழையுமா நுழையாதா என்பதை அறிய, சூரியனுக்கும் நமக்கும் இடையில் நிற்கிற விண்கலம் ஒன்று அனுப்பும் எண்களை அவர் கணினியில் பார்த்துக்கொண்டே இருந்தார். சற்று நேரத்தில் அங்கிருந்தே கூவினார்: “தெக்க திரும்பிட்டு! தமிழம்மா, தெக்க திரும்பிட்டு!” எனக்கு அப்போது அது என்னவென்று முழுதாக விளங்கவில்லை. பெரிய காந்தப் புயல் ஒன்று தொடங்கிவிட்டது என்பது மட்டும் விளங்கியது. அவர் முகத்தில் அப்படியொரு மலர்ச்சியை அதற்கு முன் நான் கண்டதில்லை.

செய்தி எப்படி வெளியே போனது என்பதை இங்கே விரிக்க வேண்டாம். காந்தப் புயல் என்பது கலைச்சொல் அகராதியில் உள்ள சொல். யாரும் தவறாக எழுதவில்லை. பத்திரிகைக்கு இடம் குறைவு என்பதால் காந்தம் உதிர்ந்துபோயிற்று. மறுநாள் காலையில் கொட்டை எழுத்தில் வந்தது: “பூமியைத் தாக்குகிறது சூரியப் புயல்.”

காலைத் தேநீருக்கு முன்பே தொலைபேசி அடித்தது. பேசியவர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றின் பங்குத்தந்தை.

“அம்மா, அலை வந்த பிறகு எங்க ஊர்ல ஒரு வள்ளம்கூட கடல்ல இறங்கலை. நாளைக்குக் காலையில முதல் வள்ளம் இறக்கறதுன்னு ஊரே கூடி முடிவு பண்ணியிருந்தாங்க. இப்ப பேப்பரைப் பாத்துட்டு பாதி சனம் மூட்டை கட்டுது. இன்னொரு தடவை மலைப்பக்கம் ஏறிப் போனாங்கன்னா, ரப்பர் வெட்டவோ கட்டட வேலைக்கோ போயிருவாங்க. பல பேரு திரும்பி வரமாட்டாங்க. உங்க ஆபீஸ்லேர்ந்து யாராவது வந்து இது என்ன ஏதுன்னு சொல்லணும்.”

நான் பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை; புயல் இன்னும் நடந்துகொண்டிருந்தது, கோடு இறங்கிக்கொண்டே இருந்தது.

“நான் இப்ப எழும்பினா பதிவு போச்சு. நீ போ. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிட்டு வா.”

“ஒண்ணும் ஆகாதா சார்?”

“கடலுக்கு ஒண்ணும் ஆகாது.”

“கடலுக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொழுது அடைஞ்ச பொறவு ஜி.பி.எஸ். கருவி கொஞ்சம் தடுமாறலாம். நம்ம பக்கத்து வானத்துக்கு அப்படியொரு குணம் உண்டு. புயல் நேரத்துல சொல்லவே வேண்டாம். வள்ளக்காரனுவ அந்தக் கருவியைப் பாத்துத்தான் இப்ப போறானுவ. ஆனா அதை அங்க போய்ச் சொல்லாண்டாம், கேட்டியா? பேடிச்சு நிக்கிற ஆளுவட்ட ஒரு வார்த்தைதான் சொல்லணும். ரெண்டாவது வார்த்தை சொன்னா மொத வார்த்தையும் போயிரும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பயந்திருப்பவர்களோடு பேசுவதில் எனக்கு அனுபவம் கிடையாது, பேசுவதிலேயே கிடையாது. பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, “ஒன்றும் ஆகாது” என்ற இரண்டு சொற்களையும் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு முறையும் முதல் சொல் நெருடியது. “ஒன்றும்” என்பது மிகப் பெரிய சொல். இலக்கணத்தில் அதை முற்றும்மை என்போம். எதையும் மிச்சம் வைக்காமல் மொத்தத்தையும் சுட்டுகிற உம்மை. மிச்சம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்.

கோயில் முற்றத்தில் ஊர் கூடியிருந்தது. மூட்டைகள் ஒரு பக்கம், தட்டுமுட்டுச் சாமான்கள் ஒரு பக்கம். பங்குத்தந்தை என்னைப் படிக்கட்டின் மேல் நிறுத்தினார். முன்வரிசையில் ஓர் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ரோஸ்மேரி என்று பெயர், மீன் விற்கிறவர். மறுநாள் முதல் வள்ளத்தை இறக்க வேண்டியவர் அவர் கணவர் சகாயம். கைகட்டி அவருக்குப் பின்னால் நின்றார். சகாயம் இறங்கினால் மற்றவர்கள் இறங்குவார்கள், அவர் பின்வாங்கினால் யாரும் இறங்கமாட்டார்கள் என்று பேருந்து நிறுத்தத்திலிருந்து அழைத்துவரும் வழியிலேயே பங்குத்தந்தை சொல்லியிருந்தார். ஆகவே ஊருக்குச் சொல்வது என்பது உண்மையில் அந்த இருவருக்குச் சொல்வதுதான்.

“டீச்சரு வந்திருக்காவ. சொல்லட்டும், கேளுங்க” என்றார் ஒருவர்.

“ஏலே, கடலு அடிச்சது போதாதா? சூரியனுக்கும் நம்ம மேல என்னத்துக்குலே கோவம்?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிலர் சிரித்தார்கள். அந்த ஊரில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுநாளாயிற்று என்று பின்னர் பங்குத்தந்தை சொன்னார்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி என் பலகை. அதை மனப்பாடமாக ஒப்பிக்கத் தொடங்கினேன்: சூரியனிலிருந்து வீசும் காற்று, மின்னேற்றத் துகள்கள், காந்த மண்டலம். இரண்டாம் வாக்கியத்திலேயே முகங்கள் மூடிக்கொள்வது தெரிந்தது. சகாயம் கையை உயர்த்தினார்.

“பிள்ளே, நில்லு. காத்துன்னு சொன்ன. எந்தக் காத்து? கச்சானா, கொண்டலா, வாடையா?”

மேற்கிலிருந்து வந்தால் கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை. அந்தக் கரையில் காற்றுக்குத் திசைதான் பெயர்.

“இதுக்குத் திசை இல்லை அண்ணே. சூரியன் பக்கத்துலேர்ந்து எப்பவும் வீசுது.”

“திசை இல்லாம காத்து உண்டுமா? அப்ப அது காத்தே இல்லல்லா.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து. அந்தச் சிரிப்பின் நடுவில் எனக்குப் பொறுப்பாளரின் கூவல் நினைவுக்கு வந்தது. தெக்க திரும்பிட்டு. அவர் சொன்னது எதைப் பற்றி என்பது சட்டென்று விளங்கியது. சகாயம் கேட்ட திசை காற்றுக்கு இல்லை. காற்று சுமந்துவருவதற்கு உண்டு.

“திசை உண்டு அண்ணே, நான் சொன்னது தப்பு,” என்றேன். “காத்து எப்பவும் சூரியன் பக்கத்துலேர்ந்துதான். ஆனா அது தன்னோட ஒரு காந்தத்தையும் சுமந்துட்டு வருது. அந்தக் காந்தம் வடக்கே பாத்தும் இருக்கலாம், தெற்கே பாத்தும் இருக்கலாம். நம்ம பூமியைச் சுத்திக் காந்தத்தாலயே ஒரு வேலி உண்டு. வெயில் படுற பக்கத்துல அந்த வேலி வடக்கே பாத்து நிக்குது. வர்றதும் வடக்கே பாத்து வந்தா வேலி பெரும்பாலும் அதை ஒதுக்கி விட்டுரும். காத்து ரெண்டு பக்கமும் வழுக்கிட்டுப் போயிரும். தெற்கே பாத்து வந்தா ரெண்டும் நேருக்கு நேர் எதிர். அப்பதான் வாசல் திறக்கும். நேத்து அது தெற்கே திரும்பிட்டு.”

“அம்மன் கோயிலு கெழக்கு வாசலு மாதிரியாக்கும்,” என்றார் பின்னாலிருந்த குரல்காரர். “எப்பவும் அடச்சுக் கெடக்கும். விசேசத்துக்குத் தொறப்பாவ.”

“அது கெழக்கு. இது தெக்க வாசலு,” என்று இன்னொருவர் திருத்தினார்.

கன்னியாகுமரிக் கோயிலின் கடல் பார்த்த வாசல் ஆண்டில் சில நாள் மட்டுமே திறப்பது கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும். நான் தேடி எடுத்திருந்தாலும் அதைவிட நல்ல உவமை கிடைத்திருக்காது.

சகாயம் விடவில்லை. “வாசல் தொறந்தா? உள்ள வந்து என்ன செய்யும்?”

“அந்தக் காந்தத்தைக் கயிறுன்னு வைங்க. வேலியில இருக்கிற கயிறும் காத்தோட வர்ற கயிறும் உரசுற இடத்துல ரெண்டும் அறுந்து, ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சுக்கும். பிறகு காத்து போற போக்குல நம்ம கயித்தையும் சேர்த்து இழுத்துட்டுப் போகும். பூமிக்குப் பின்னால, இருட்டுப் பக்கம், ரொம்ப தூரம்.”

“இழுத்துட்டே போனா அறுந்துரும்லா.”

“அறும். அங்கதான் அறும்.”

கரைமடி இழுக்கிற ஊருக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையிருக்கவில்லை. கடலில் விரித்த வலையைக் கரையில் இரு வரிசையாக நின்று இழுப்பவர்கள் அவர்கள். விறைத்த கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள். “திரும்பி வந்து இழுக்கவனுக்க மூஞ்சியிலயே அடிக்கும்” என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

“அப்படித்தான். முன்னால வந்த காத்து, பின்னாலேர்ந்து அடிக்குது. அந்த அடியில ஒரு பங்கு வட துருவத்துலயும் தென் துருவத்துலயும் போய் வானத்துல பச்சையும் சிவப்புமா வெளிச்சமாகும். இன்னொரு பங்கு பூமியைச் சுத்தி, விமானம் பறக்கிறதுக்கும் எவ்வளவோ மேல, ஒரு வளையமா மின்சாரமா ஓடும். எங்க நிலையத்துல கோடு இறங்குறது அந்த வளையத்தால. இதுல எதுவும் கடலைத் தொடாது. தண்ணியை அசைக்கிற பலம் அதுக்குக் கிடையாது.”

ரோஸ்மேரி சட்டியை விட்டு எழுந்தார்.

“கயிறு, வாசலு எல்லாம் இருக்கட்டும். கடலு பொங்குமா, பொங்காதா? ஒரே வார்த்தை சொல்லு.”

“இதனால பொங்காது அக்கா.”

“‘இதனால’ன்னா?”

“போன மாசம் வந்தது கடலுக்கு அடியில நிலம் அசைஞ்சதால. அது மறுபடி வருமா வராதான்னு எனக்குத் தெரியாது. சூரியனால கடல் பொங்காது. அதை மட்டும் உறுதியாச் சொல்ல முடியும்.”

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். விலைக்குத் தகுந்த மீனா என்று செவுளைத் தூக்கிப் பார்ப்பது போன்ற பார்வை.

“நான் ஒண்ணு சொல்லுதேன் பிள்ளே. கியூவுல நின்னு சோறு வாங்கி எனக்குப் போதும்னு ஆயிட்டு. இவரு நாளைக்கு எறங்கணும்னு ஊருலயே ஒத்தைக்கு நின்னவ நான். எனக்க வாயால எறக்கிவிட்டு ஒண்ணு ஆனா, நான் பொறவு இருக்காண்டாம். அதனால நல்லா ரோசிச்சுச் சொல்லு. இந்தப் புயலு எங்களை ஒண்ணுமே செய்யாதா?”

அந்தக் கணத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய பதில் என் கையில் கொடுத்தனுப்பப்பட்டிருந்தது. அதைச் சொன்னால் மூட்டைகள் அவிழும், பங்குத்தந்தை மகிழ்வார், மறுநாள் வள்ளம் இறங்கும். பொய் என்றும் யாரும் சொல்லமுடியாது. பெரும்பாலும் அது உண்மைதான். மற்றதையும் சொன்னால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் “ஒண்ணுமே” என்று கேட்டார். ஏகாரத்தை அழுத்திக் கேட்டார். அந்தச் சொல்லுக்குத் தன் கணவரையே ஈடு வைத்துக் கேட்கிறவரிடம் எனக்குத் தெரிந்த மிச்சத்தை மறைத்துவைக்க என்னால் முடியவில்லை.

“ஒண்ணு செய்யும் அக்கா,” என்றேன். “ஜி.பி.எஸ். கருவியைக் கொஞ்சம் ஏமாத்தும். பகல்ல பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பொழுது அடைஞ்ச பிறகு அது இடம் தவறிக் காட்டலாம், கொஞ்ச நேரம் காட்டாமலே போகலாம். இந்த ரெண்டு மூணு நாள் இருட்டினதுக்கு அப்புறம் அதை மட்டும் நம்பி வராதீங்க.”

முற்றம் இரைந்தது. “பாத்தியளா, உண்டும்னு சொல்லுதாவ!” என்று ஒருவர் கத்தினார். ஒரு மூட்டை தலைக்கு ஏறியது. பங்குத்தந்தை நெற்றியில் கைவைத்துக்கொண்டார். முதல் வார்த்தையும் போயிற்று என்றுதான் நானும் நினைத்தேன்.

ரோஸ்மேரி கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“சத்தம் போடாதிய! ஒரு மாசமா இந்தப் படியில ஏறி நின்ன அத்தனை பேரும் என்ன சொன்னாவ? ஒண்ணும் ஆகாது, எல்லாம் சரியாவும், பேடிக்காண்டாம். சொல்லிட்டு கார்ல ஏறிப் போனாவ. இந்தப் பிள்ளை ஒருத்திதான், இது ஆவும், இது ஆவாது, இது எனக்குத் தெரியாதுன்னு மூணையும் தனித்தனியா வச்சிருக்கு. ஆவும்னு ஒண்ணைச் சொல்லுதவ, ஆவாதுன்னு சொன்னது நெசமாத்தான் இருக்கும்.” பிறகு கணவரைப் பார்த்து: “வெயிலு தாழதுக்கு முன்ன கரைக்கு வந்துரணும். மிசினு சொல்லுதுன்னு எங்கயாவது போயிராதிய.”

“அந்த மிசினா?” என்றார் சகாயம். “பழசு அலையோட போச்சு. நிவாரணத்துல புதுசு ஒண்ணு குடுத்தாவ. எங்க அமுக்கணும்னே இன்னும் தெரியல்ல. நான் கணியம் பாத்துத்தான் போவேன்.”

மலையுச்சியையும் கோயில் கோபுரத்தையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக் கடலில் இடம் பிடிப்பதற்கு அவர்கள் சொல்லும் பெயர் கணியம். அவர் அதைச் சொன்ன விதத்தில் முற்றமே சிரித்தது. தலைக்கு ஏறிய மூட்டை மெல்லக் கீழே இறங்கியதைப் பார்த்தேன்.

நிலையத்துக்குத் திரும்பி, நடந்ததைப் பொறுப்பாளரிடம் சொன்னேன். ஜி.பி.எஸ். பற்றிச் சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்பட்டார். “நாளைக்கு வள்ளம் எறங்கலன்னா அது உனக்க ரெண்டாவது வார்த்தையால, பாத்துக்க” என்றார். அது உண்மையாக இருக்கக்கூடும்.

மறுநாள் காலை முழுவதும் நான் தொலைபேசி இருந்த மேசையை விட்டு நகரவில்லை. ஒரு பலகைக்கான வாக்கியத்தைத் திருத்துவதாகப் பாவனை செய்துகொண்டிருந்தேன். நண்பகல் தாண்டி அழைப்பு வந்தது. பங்குத்தந்தையின் குரலுக்குப் பின்னால் இரைச்சல். ஏலம் போடும் சத்தம்.

“சகாயம் இறக்கினார். பார்த்துக்கிட்டே நின்னவங்களும் ஒவ்வொருத்தரா இறக்கினாங்க. எல்லாரும் கரைக்கு வந்தாச்சு அம்மா. சாளை கிடைச்சிருக்கு. பெரிசா ஒண்ணும் இல்லை. ஆனா கிடைச்சிருக்கு.”

பொறுப்பாளரிடம் சொன்னேன். அன்று மாலை விளக்கு வைத்த சற்று நேரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டார். நம் நிலையத்துக் கருவிகளுக்கு நேரம் காட்டுகிற ஜி.பி.எஸ். ஏற்பியின் திரையைச் சுட்டினார். அது செயற்கைக்கோள்களைத் தேடித் தேடித் தவறவிட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அறிவிப்பை மாத்தி எழுது தமிழம்மா,” என்றார் பிறகு. “மொத வரி கடலு. ரெண்டாவது வரி ஜி.பி.எஸ். அதுக்குப் பொறவு நம்ம அறிவியலு.”

அந்த அறிவிப்பின் வடிவம் அன்று உண்டானது. புயல் என்ற சொல்லை நான் மாற்றவில்லை. மாற்றிப் பார்த்தேன், சீற்றம், கொந்தளிப்பு என்று எதை எடுத்தாலும் அதிலும் கடல் இருந்தது. இந்தக் கரையில் எழுதும் தமிழிலிருந்து கடலை வெளியேற்ற முடியாது என்று விட்டுவிட்டேன். சொல் நிற்கட்டும், அது எதைத் தொடாது என்பதை முதலில் சொல்லிவிடுவோம், எதைத் தொடும் என்பதை அடுத்தே சொல்லிவிடுவோம் என்று அமைந்தது.

சில நாள் கழித்து, வெயில் ஏறும் நேரத்தில், நிலையத்தின் வாசலில் ரோஸ்மேரி நின்றார். தலையில் அதே அலுமினியச் சட்டி. வடசேரிச் சந்தைக்குப் போய்விட்டு வழி விசாரித்து வந்திருந்தார்.

“கோயில் தெருவைச் சுத்திட்டு வந்தேன். இந்த ஊருல மீன் சட்டியோட நடந்தா ஒரு மாதிரிப் பாக்காவ. உனக்கு நெத்திலி கொண்டுவந்தேன். சமைக்கத் தெரியுமா, இல்ல படிக்க மட்டுமா?”

கோட்டைப் பார்க்க வேண்டும் என்றார். வாசலில் கூடையை நீட்டினேன். இடுப்பிலிருந்து மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் போட்டார். மாராப்பு ஊக்கைக் கழற்றிப் போட்டார். “சட்டி?” என்றார். அலுமினியத்தால் காந்தக் கருவிக்குத் தொல்லை இல்லை என்றேன். “அப்ப இது எனக்க கூட வரலாம்” என்று திருப்தியோடு மீனை மட்டும் வெளியே வைத்துவிட்டுச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

புயல் தொடங்கிய நாளிலிருந்து அன்று வரையிலான கோட்டை அவருக்குக் காட்டினேன். முதலில் ஒரு துள்ளல், பிறகு செங்குத்தான இறக்கம், அதன் பின் நீண்டு மெல்ல மேலேறும் சரிவு. விரலை வைக்காமல், வைப்பது போல் காற்றில் அந்தக் கோட்டைத் தொடர்ந்து வந்தார். இறக்கத்தின் அடியில் கொஞ்சம் நின்றார்.

“இது பழைய எடத்துக்கு வந்துருமா?”

“வரும் அக்கா. இறங்குறது சீக்கிரம். ஏறுறது பைய.”

“வரும்லா?”

“வரும். வந்துட்டுத்தான் இருக்கு.”

அவர் தலையசைத்தார். வெளியே வந்து கத்தியையும் ஊக்கையும் எடுத்துக்கொண்டவர், சட்டியைத் தலையில் ஏற்றிய பின் திரும்பி, “தெக்க வாசலு அடச்சாச்சா?” என்று கேட்டார். அடைத்தாயிற்று என்றேன்.

இனி உங்களுக்கு. அந்த முதல் வரியை நீக்குகிற அதிகாரம் அடுத்த மாதத்திலிருந்து உங்களுடையது. நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக வைத்திருக்க வேண்டாம்; ஊர் மாறினால் வரியும் மாற வேண்டியதுதான். ஆனால் நீக்குவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்புக்குக் காத்திருங்கள். சூரியன் இப்போது மறுபடி விழித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் காலத்தில் புயல்கள் வரும். நீங்கள் அறிவிப்பை அனுப்பிய சற்று நேரத்தில் கூடத்துத் தொலைபேசி அடிக்கும். கடற்கரை இரைச்சலுக்கு மேலாக ஒரு பெண் குரல், யார் என்று சொல்லாமலே, “தெக்க வாசலு தொறந்திருக்கா மக்கா?” என்று கேட்கும். இத்தனை ஆண்டுகளில் ஒரு புயலுக்கும் அவர் தவறியதில்லை.

அவர் கேட்பது வாசலைப் பற்றி. நீங்கள் முதலில் கடலைச் சொல்லுங்கள்.